காவலில் இருக்கும் பொருள்

ஓடாத காருக்கு எதற்குக் காப்புறுதி என்று கேட்கிறவர்களிடம் நான் சட்டத்தைச் சொல்லித் தொடங்குவதில்லை. அமர்நீதி நாயனாரைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

பழையாறையில் பிறந்த வணிகர் அவர். பொன்னும் மணியும் பட்டும் விற்றவர். திருநல்லூர்த் திருவிழாவுக்கு வரும் அடியார்களுக்காக மடம் அமைத்து, சோறு போட்டு, கோவணமும் கொடுத்து வந்தார். ஒரு நாள் பிரமசாரி ஒருவர் வருகிறார். கையில் தண்டு, தண்டில் இரண்டு கோவணம். அதில் ஒன்றை அவிழ்த்துக் கொடுத்து, தான் குளித்துவிட்டு வரும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார். மழையில் நனைந்து திரும்பி வந்து கேட்டால் வைத்த இடத்தில் கோவணம் இல்லை. புதிது தருகிறேன் என்றதை அவர் ஏற்கவில்லை. தண்டில் இருக்கும் மற்றக் கோவணத்துக்கு எடைக்கு எடை கொடு என்கிறார். தராசு வருகிறது. மடத்திலிருந்த கோவணமெல்லாம் ஏறுகிறது, பட்டு ஏறுகிறது, பொன்னும் வெள்ளியும் ஏறுகின்றன. தட்டு அசையவில்லை. அமர்நீதியாரும் மனைவியும் மகனும் தாங்களே தட்டில் ஏறிய பிறகுதான் தராசு நேர்நின்றது.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் கோயில் புராணபடனத்தில் சிறுவனாக இருந்து கேட்ட கதை. வந்தவர் சிவன், சோதிக்க வந்தார், அடியார் வென்றார் என்று பயன் சொல்லி முடிப்பார்கள். என் மனம் அதற்குமுன் ஓரிடத்தில் நின்றுவிடும். ஒரு முழத் துணி காணாமற்போனதற்கு ஒரு மனிதன் முழுவதுமாக ஏன் தட்டில் ஏற வேண்டும்? இன்று எழுபதைக் கடந்த வயதில், லண்டனில் ஹரோவில், என் கராஜில் நிற்கும் ஒரு கறள் பிடித்த வண்டி அந்தக் கேள்வியைத் திரும்பவும் என்னிடம் கேட்கிறது.

அது 1957ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்து, ஒக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் கௌலித் தொழிற்சாலையில் செய்யப்பட்ட கார். பிரித்தானியாவில் பத்து லட்சத்தை எட்டிய முதல் கார் இதுதான். என்னுடையதை நோர்போக்கில் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து வாங்கினேன். இப்போது நாலு ஸ்டாண்டின்மேல் நிற்கிறது. 948 சிசி எஞ்சின் தனியாகப் பலகையில் இருக்கிறது. கதவுகள் சுவரோடு சாத்தியிருக்கின்றன, கண்ணாடிகள் பழைய போர்வைகளில் சுற்றியிருக்கின்றன. பின் ஸ்பிரிங் தாங்கும் இடமும் கதவுக்குக் கீழ் ஓடும் தகடும் தின்னப்பட்டுப் போயிருந்தன. மைனரில் கறள் முதலில் பிடிக்கிற இடங்கள் அவை. தகடு வெட்டி வெல்டிங் செய்து வருகிறேன். முப்பது வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கை இது, வேலை தெரியும். அவசரம்தான் இல்லை.

இந்த வண்டி அரசாங்கத்தின் கண்ணில் இல்லாத வண்டி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் பழைய வாகனப் பதிவுகள் அந்தந்தக் கவுன்சில்களில் இருந்தன. பிறகு எல்லாம் ஸ்வான்சியிலுள்ள வாகனப் பதிவு அலுவலகத்தின் கணினிக்குப் போயின. 1983க்குள் யாரும் மாற்றிக்கொள்ளாமல் விட்ட இலக்கங்கள் அந்தக் கணினியில் ஏறவேயில்லை. என்னிடம் மடித்த பழைய லொக் புக் இருக்கிறது, கவுன்சில் முத்திரையும் இருக்கிறது, வண்டி மட்டும் பதிவேட்டில் இல்லை. பழைய இலக்கத்தை மீட்க வீ765 என்ற படிவம் உண்டு. அங்கீகாரம் பெற்ற ஒரு கார்க் கழகம் வண்டியைப் பரிசோதித்து உறுதி சொல்ல வேண்டும். அது எனக்கு இனித்தான்.

பதிவுள்ள வண்டியென்றால் அரசு விடாது. 1998இலிருந்து, வரி கட்டாமல் வண்டியை நிறுத்திவைப்பவர் அது தெருவில் இல்லை என்று அறிவிக்க வேண்டும். அதைத்தான் இங்கே எல்லோரும் ‘சோர்ன்’ என்கிறார்கள். 2011இலிருந்து, பதிவிலுள்ள வண்டிக்கு ஒன்றில் காப்புறுதி இருக்க வேண்டும், இல்லையேல் சோர்ன் இருக்க வேண்டும். நடுவில் நிற்க இடமில்லை. சோர்ன் சொன்ன வண்டியைத் தெருவோரத்தில்கூட நிறுத்த முடியாது, தனியார் வளவுக்குள்தான் நிற்க வேண்டும். என் மைனர் பதிவிலேயே இல்லாதபடியால் இந்தக் கடிதங்கள் எதுவும் வருவதில்லை. அது இருக்கிறது என்பதற்கு, எங்கே இருக்கிறது என்பதற்கு, இன்று உலகத்தில் ஒரே சாட்சி நான் காப்புறுதிக்காரருக்குக் கொடுத்த சொல்தான். சசி இலக்கம், நாலு பக்கமும் எடுத்த படங்கள், இரவில் பூட்டிய கராஜில் இந்த விலாசத்தில் நிற்கும் என்ற உறுதி. கழற்றிய பாகங்களும் அதே கூரையின் கீழ்.

போன வருடம் கராஜின் கூரை மாற்ற வேண்டி வந்தது. பழைய அஸ்பெஸ்டஸ் தகடு, அதற்கென்று ஆட்களைக் கூப்பிட்டுத்தான் கழற்றினேன். வண்டியை வெம்பிளியில் நண்பர் ஒருவரின் களஞ்சியத்துக்குக் கொண்டுபோக ஒழுங்கு செய்தேன். அதற்கு முதல் காப்புறுதிக்காரருக்குப் போன் எடுத்து, புதிய இடத்தின் பூட்டு, கதவு, யாரிடம் திறப்பு என்று எல்லாம் சொல்லி, கொஞ்சம் மேலதிகக் காசும் கட்டினேன். நண்பருக்குச் சரியாகக் கோபம்.

"அண்ணை, ஓடாத காரை ஆர் வந்து பாக்கப்போறான்? ரெண்டு கிழமைக்கு இவ்வளவு விசர் வேலையே?"

"ஒருத்தரும் பாக்காயினம். அதுக்காகத்தான் சொன்னனான்" என்றேன்.

அவர் அதோடு விடவில்லை. அவரும் தேவாரம் ஓதுகிற ஆள். "ஒண்டும் எங்கட இல்லையெண்டு நீங்கள்தானே சொல்லுறியள். பிறகு இரும்புக்கு இன்சூரன்ஸ் போட்டு வைச்சிருக்கிறது பற்றில்லாமல் வேறென்ன?" என்றார். கேட்க வேண்டிய கேள்வி அது. நான் அன்று அவருக்குச் சொன்ன பதிலைவிட அது பெரிது.

சைவ சித்தாந்தம் உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் நுகர்ச்சியையும் தநு, கரணம், புவனம், போகம் என்று வரிசைப்படுத்தும். நாலும் மாயையிலிருந்து இறைவன் உயிருக்குக் கூட்டித்தந்தவை. உயிர் எதையும் செய்ததும் இல்லை, எதற்கும் உரிமைக்காரனும் இல்லை. இதிலிருந்து நண்பர் எடுத்த முடிவு, என்னுடையது அல்லாததைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியதில்லை என்பது. எனக்கு நேரெதிராகவே படுகிறது. என் சொந்தப் பொருளை நான் அலட்சியமாக வைத்தால் இழப்பு எனக்கு. பிறர் தந்ததை அலட்சியமாக வைத்தால் தந்தவரிடம் நான் என்ன சொல்வது? அமர்நீதியார் பட்டும் பொன்னும் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் யாரும் அவரைத் தராசில் ஏறச் சொல்லவில்லை. தன்னுடையதல்லாத ஒரு துண்டுத் துணியைக் கையில் வாங்கிய பிறகுதான் தராசு வந்தது.

இதை எனக்குக் காட்டியது புத்தகமல்ல, என் அப்பா. கொக்குவிலில் வாடகைக் கார் ஓடினவர், அதுவும் மொறிஸ் மைனர்தான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்தது. பெற்றோலைச் சிறிது விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். ரயருக்கும் பிளக்குக்கும் தவம் கிடந்த காலம். அந்த நேரத்தில் கொழும்புக்குப் போன அயலவர்கள் சிலர் தங்கள் கார்களை அப்பாவின் வளவில் விட்டுப் போனார்கள். அவர் கிடுகால் கொட்டில் போட்டு, கல்லடுக்கி, சில்லுகள் நிலத்தில் படாமல் நிறுத்திவைத்தார். கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றிவிடுவது, எலி கூடு கட்டாமல் பார்ப்பது என்று அவற்றுக்குத் தன் காரைவிடக் கூடுதலாகச் செய்ததாக அம்மா எனக்கு எழுதினா. தன்னுடைய கார் நல்ல ரயர் இல்லாமல் நின்றபோதும் அடுத்தவன் காரிலிருந்து அவர் ஒரு சில்லைக்கூடக் கழற்றவில்லை. கழற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

1995 ஒக்டோபர் முடிவில் போருக்குத் தப்பி எங்கள் வலிகாமமே எழும்பி நடந்தது. அப்பாவும் அம்மாவும் ஒரு சைக்கிளோடு தென்மராட்சிக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது வளவில் எதுவும் இல்லை. அப்பா செய்த முதல் வேலை, கார் விட்டுப்போன ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதியது. காரின் இலக்கம், எந்தத் திகதிவரை எந்த நிலையில் நின்றது, தான் எப்போது வளவை விட்டுப் போனார், திரும்பி வந்து என்ன கண்டார். யாரும் அவரிடம் ஈடு கேட்கவில்லை. ஊரே போன நேரத்தில் காருக்குக் கணக்குக் கேட்க யாருக்கு மனம் வரும்? ஆனால் கேட்காத கணக்கை அவர் கொடுத்தார். போரும் ஊர்ப்பெயர்வும் அந்தக் கார்களை விழுங்கியதற்கு அவர் பொறுப்பல்ல. தன் கையில் இருந்த காலத்துக்கு மட்டும் அவர் பொறுப்பு, அதை முழுவதுமாகச் சொல்லிவிட்டார். தராசில் ஏறுவது என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கடிதங்கள்தான்.

காப்புறுதி அந்தத் தராசுக்கு ஈடாகுமா என்றால், ஆகாது. காப்புறுதி இழந்த பொருளின் விலையைத் தரும், அதற்கு மேல் இல்லை. என் மைனரின் இன்றைய விலை சில நூறு பவுண். அப்பாவின் நினைவுக்காக நான் வைத்திருக்கும் விலை படிவத்தில் எழுத முடியாத விலை. எழுதவும் கூடாது, எழுதினால் அது பொய். பழைய கார்களுக்கு ஒப்புக்கொண்ட பெறுமதி என்று ஒன்று உண்டு. அங்கேதான் பலருக்குக் கை நீளும். பாசம் கேட்கிற தொகையைப் பொருளின் தொகையாகப் போடுவார்கள். நான் வெளியில் ஒருவரைக் கொண்டு மதிப்பிட்டுத்தான் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. காசு கட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் பூட்டை மறக்கிற மனம் எல்லோருக்கும் உண்டு, காப்புறுதிக்காரர்கள் அதை நன்றாக அறிந்தவர்கள். பூட்டிய கராஜ் வேண்டும், சொன்ன விலாசத்தில்தான் நிற்க வேண்டும், இடம் மாறினால் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அதற்காகவே வைக்கப்பட்டவை. பலர் இவற்றைக் காசு கொடுக்காமல் தப்புவதற்கான தந்திரம் என்று திட்டுகிறார்கள். சில இடங்களில் அப்படியும் நடக்கிறது. ஆனால் நிபந்தனையின் வேலை, பொருளோடு சேர்த்துக் காவல்காரனையும் தட்டில் நிறுத்துவது. அது நியாயம் என்றே நினைக்கிறேன். நான் கட்டுகிற காசு தனியாக எனக்கென்று ஒரு பெட்டியில் கிடப்பதில்லை. முகம் தெரியாத ஆயிரம் பேருடைய காசோடு கலந்து, யாருடைய கொட்டகை எரிந்ததோ அவருக்குப் போகிறது. அதில் நான் ஒரு பொய் சொன்னால் அது அந்த ஆயிரம் பேரின் கையிலிருந்து எடுத்தது. முஸ்லிம்கள் வழக்கமான காப்புறுதியிலுள்ள நிச்சயமின்மையையும் சூதின் சாயலையும் கேள்விக்குட்படுத்தி, ஒருவருக்கொருவர் பங்கிட்டுத் தாங்கும் தகாஃபுல் முறையை வளர்த்தார்கள். மலேசியா 1984இல் அதற்கென்று சட்டமே கொண்டுவந்தது. எங்களவர்கள் இந்தக் கேள்வியைக் கோயில் மேடையில் ஒருமுறையாவது எடுத்ததை நான் கேட்கவில்லை. எடுக்க வேண்டும்.

காப்புறுதியில் உண்மை சொல்லும் கடமைக்கு இங்கிலாந்துச் சட்டத்தில் வேர் 1766இல் இருக்கிறது. சுமாத்திராவில் கிழக்கிந்தியக் கம்பனியின் மால்பரோ கோட்டை, அதன் ஆளுநர் கார்ட்டர். கோட்டையை எதிரி பிடித்தால் ஈடு தர வேண்டும் என்று லண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார் என்று காப்புறுதி கொடுத்த போம் மறுத்தார். நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, காப்புறுதி என்பது நல்லெண்ணத்தில் நிற்கிற ஒப்பந்தம், அந்தக் கடமை இரண்டு பக்கத்துக்கும் உண்டு என்று நிறுவி, கார்ட்டருக்குச் சார்பாகத் தீர்த்தார். பொதுவில் தெரிந்ததைக் கேட்டறியாமல் காசு வாங்கியவர் பிறகு குறை சொல்ல முடியாது. 2012இல் வந்த சட்டம் தனிப்பட்ட நுகர்வோரின் பாரத்தைக் குறைத்தது. கேட்காததைத் தானாகச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டதற்குத் தவறான பதில் சொல்லாமல் இருக்க நியாயமான கவனம் எடுத்தால் போதும். நல்ல சட்டம், சாதாரண மக்களைக் காப்பாற்றிய சட்டம். ஆனால் அப்பா எழுதிய கடிதங்களை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. சட்டம் கேட்பது முடிகிற இடத்துக்கு அப்பாலும் காவல்காரனுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது என்பதே என் நிலை.

நண்பர் சொன்ன பற்றுக்கு வருகிறேன். பற்றை விடுவது என்று சொல்லி வண்டியைத் தெருவில் தள்ளினால் கவுன்சில் இழுத்துக்கொண்டு போகும், செலவு ஊராருக்கு. அதைத் துறவு என்று நான் ஒப்பமாட்டேன். விற்கலாம், கொடுக்கலாம், நொறுக்கக் கொடுத்து அதற்குரிய பத்திரம் வாங்கலாம். அதுவரை அது என் காவலில். நாளைக்கு மகன் வேண்டாமென்றால் கார்க் கழகத்தில் ஓர் இளைஞனுக்குக் கொடுக்க எனக்கு மனம் தயார். இன்றிரவு அது எங்கே நிற்கிறது என்று யாராவது கேட்டால் உண்மையான பதில் சொல்லவும் தயார். இந்த இரண்டும் ஒரே மனத்தில் இருக்கலாம்.

உங்கள் கராஜிலோ வளவிலோ இப்படி ஒரு வண்டி நின்றால், சசி இலக்கத்தைத் துடைத்துப் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பாகங்களைப் பட்டியல் போடுங்கள். படிவத்தில் போட்ட விலாசமும் வண்டி நிற்கும் இடமும் ஒன்றுதானா என்று பாருங்கள். இடம் மாற்ற வேண்டுமானால், வண்டியை அசைக்க முதல் போன் எடுத்துச் சொல்லுங்கள்.