வண்டியோடு எது கைமாறுகிறது?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் ஒரு 'சின்ன யானை'யை விற்பது சுலபம். படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தால் பேர் மாறிவிடும். ஆனால் வாங்குகிறவர் வண்டி விலைக்கு மேலே ஒரு தொகை தருகிறாரே, அது எதற்கு? 'லைனு'க்கு. அதாவது, கூடப் போகாமல் பெட்டிகளை ஏற்றிவிட்டு, மண்டிக் காசையும் டிரைவர் கையிலேயே வாங்கிவரச் சொல்லும் விவசாயிகளுக்கு.

தொழிலின் 'குட்வில்' விற்கக்கூடியது என்பதை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவிலேயே ஏற்கிறது. சட்டம் சரி, நியாயம்? நம்பிக்கையைச் சம்பாதித்தவர் வண்டிக்காரர்தான். ஆனால் அதைக் கொடுத்தவர் விவசாயி. எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். "இனிமே இவருதாண்ணே வருவாரு, நீங்களே பாத்து முடிவு பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டு விற்றால் அது வியாபாரம். சொல்லாமல் விற்றால், விவசாயியையும் சேர்த்து விற்றதாகத்தானே ஆகும்?