மாநிறம்

வீட்டுச் சுவரில் ஊரும் பல்லியை அழகு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அது எந்தத் திசையில் சொல்லிற்று, யார் தோளில் விழுந்தது என்பதற்கெல்லாம் சாஸ்திரம் வைத்திருக்கிறோம். பலன் பார்க்கப் பஞ்சாங்கத்தில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறோம். பல்லியைத்தான் பார்ப்பதில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் மட்டும் வரிசையில் நின்று பார்க்கிறோம், தொட்டும் கும்பிடுகிறோம். அங்கே இருப்பவை தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும்.

கோயில் சமாசாரம் நம்பிக்கையைச் சேர்ந்தது; அதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மினுமினுப்பு இருந்தால்தான் நம் கண் ஒரு பிராணியின் மேல் நிற்கிறது என்பதை மறுக்க முடியவில்லை. இன்று உலகத்தில் பல பேர் உயிருள்ள பல்லிக்கே பொன்முலாம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். தூரிகையால் அல்ல, ஆணையும் பெண்ணையும் பொறுக்கிச் சேர்த்துப் பூசுகிறார்கள்.

ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், நமது நாட்டின் வடமேற்கு மூலை ஆகிய வறண்ட பாறை நிலங்களில் ஒரு பல்லி உண்டு. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி இறைந்திருப்பதால் சிறுத்தைப் பல்லி என்று பெயர். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் காட்சிசாலையைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளித் என்பவர் 1854-இல் அதை விஞ்ஞான உலகத்துக்கு அறிமுகம் செய்தார். நம் வீட்டுப் பல்லியைப் போல அது சுவர் ஏறாது. விரலில் ஒட்டும் தகடு கிடையாது. ஆனால் நம் பல்லிக்கு இல்லாத இமை அதற்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும். தடித்த வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு பஞ்ச காலத்தைத் தள்ளும். பகலெல்லாம் கல்லிடுக்கில் கிடந்து, பொழுது சாய்ந்தபின் வெளியே வரும்.

சாந்தமான பிராணி. அதனாலேயே மேல்நாடுகளில் பல ஆண்டுகளாகக் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கிறார்கள். வளர்க்கும்போது எப்போதோ ஒரு குஞ்சு வெளிறிப் பிறக்கும்; ஒன்றுக்குப் புள்ளியே இருக்காது; ஒன்று ஆரஞ்சுப் பழம் போல் இருக்கும். அந்த ஒன்றை எடுத்து, அதன் பிள்ளையோடும் உடன்பிறப்போடும் சேர்த்துப் பெருக்கினால் ஒரு புது ரகம். ரகத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு விலை. இப்படி எத்தனையோ ரகங்கள் வந்துவிட்டன. பாறை நிலத்திலிருந்து வந்த பழைய நிறத்துக்கு வியாபாரிகள் வைத்திருக்கும் பெயர் 'நார்மல்'. பட்டியலின் கடைசியில், மலிவான விலையில் அது இருக்கும்.

பெண் பார்க்கப் போய்விட்டுத் திரும்பும் வழியில், "எல்லாம் சரிதான், பொண்ணு கொஞ்சம் மாநிறம்" என்று சொல்லும் குரல் நமக்குப் பழக்கமானது. படிப்பும் குணமும் குரலும் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லின் அடியில் நசுங்கிப் போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். 'நார்மல்' என்ற சொல்லைக் கேட்டபோது எனக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வந்தது.

விலை மலிவு என்பதோடு போயிருந்தால் இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. 'எனிக்மா' என்று ஒரு ரகம் வந்தது. புதிர் என்று அர்த்தம். அதில் பல பல்லிகள் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமடிக்கும். எதிரே இருக்கும் பூச்சியைக் கவ்வப் போய்க் குறி தவறும். அந்த நிறத்தோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. பிறகு 'லெமன் ஃப்ராஸ்ட்' வந்தது. எலுமிச்சை மஞ்சளில் பனி படர்ந்தாற்போல் ஒரு வெளுப்பு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் விஞ்ஞானிகள் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்த ரகத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவற்றுக்குத் தோலில் கட்டிகள் வருவதைச் சொன்னார்கள். வெளுப்பைத் தரும் அதே நிற அணுக்கள்தாம் அடங்காமல் பெருகிக் கட்டியாகின்றன. நாம் மயங்கிய அழகு, நோயின் முதல் பக்கம்! அது தெரிந்த பின் அந்த ரகத்தைப் பெருக்காமல் நிறுத்தியவர்கள் உண்டு, நிறுத்தாதவர்களும் உண்டு.

இதெல்லாம் பணக்கார தேசத்துப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. மதுரைக்குத் தெற்கே, விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையம் இருக்கிறது. அந்த ஊர் நாயின் புகழைச் சொல்லத் தேவையில்லை. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண். இப்படி இருந்தால்தான் அசல் என்று ஒரு கணக்கு. ஆனால் அந்த இனத்தில் கறுப்பும் பழுப்பும் புள்ளியும் பிறப்பது உண்டு. வேட்டைக்கு மட்டும் வைத்திருந்தவர்கள் நிறத்தைப் பெரிதுபடுத்தவில்லை. அழகுக்கும் அந்தஸ்துக்கும் வைத்திருந்தவர்கள் வெள்ளையை மட்டும் விட்டுவிட்டு மற்றக் குட்டிகளைக் கழித்துக்கட்டினார்கள். கழித்துக்கட்டினார்கள் என்றால் என்ன அர்த்தம் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்கும் ஒரு விலை இருந்தது. காதின் உட்புறத்தில் ஒலியை உணரும் பகுதி நன்றாக இயங்க, தோலுக்கு நிறம் தரும் அதே வகை அணுக்கள் அங்கேயும் வேண்டும். மிகையான வெள்ளையில் அவை காதுக்குள்ளும் இல்லாமல் போகின்றன. டால்மேஷன் நாய்களில் காணும் செவிடுக்கும் இதுதான் காரணம். ராஜபாளையத்திலும் செவிடு அதிகம் என்பது அந்த நாயை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

சோழவந்தானில் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் வீட்டில் அப்படி ஒரு வெள்ளை நாய் உண்டு. பார்த்தால் கண் எடுக்க முடியாது. எப்போது போனாலும் சங்கிலியில்தான் இருக்கும். ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் ஐயா, ஓட்டத்துக்குப் பேர் போன சாதியாச்சே. கொஞ்ச நேரமாவது அவுத்து விடக் கூடாதா?"

"எப்படித் தம்பி அவுத்து விடறது? பக்கத்திலே ரயில் ரோடு. வண்டி ஊதுறது ஊருக்கே கேக்குது, இதுக்குக் கேக்கலையே. நெறத்தைப் பாத்து வாங்குனேன். காதைப் பாக்கணும்னு தோணலை."

முயலைத் துரத்தப் பிறந்த கால்கள், ஆறடிச் சங்கிலியின் வட்டத்துக்குள். அதன் அழகை எல்லாரும் அனுபவிக்கிறோம். அதற்கு விலை கொடுப்பது அது மட்டும். ரசனை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயத்தில் தர்மக் கேள்வி இங்கேதான் நுழைகிறது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. நியாயமான ஆட்சேபம். நாம் உண்ணும் நெல், வீட்டுக் கோழி, மதுரை மல்லிகை எல்லாம் மனிதன் பொறுக்கி எடுத்தவைதானே? ராஜபாளையம் நாயே காட்டில் தானாக முளைத்ததா? மனிதன் கை படாததுதான் உயர்ந்தது என்றால் ஓநாயைத் தவிர எதையும் வளர்க்க முடியாதே!

மனிதன் கை படக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வேட்டைக்காரன் வேகமான நாயைப் பொறுக்கினான். நாய்க்கு ஓட்டம் கூடிற்று, அந்த ஓட்டத்தில் அதற்கும் ஒரு சந்தோஷம் இருந்தது. வெள்ளையைப் பொறுக்கியவன் கண்ணுக்கு விருந்து கிடைத்தது. நாய்க்குக் காது போயிற்று. இரண்டும் பொறுக்கல்தான். ஆனால் முன்னதில் பிராணிக்கும் பங்கு இருக்கிறது. பின்னதில் அது வெறும் துணிச்சரக்கு. பல்லிக்கு எலுமிச்சை நிறத்தால் எந்த லாபமும் இல்லை.

'சாதாரணம்' என்று நாம் ஒதுக்குவது உண்மையில் என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். சிறுத்தைப் பல்லியில் ஆல்பினோ என்னும் வெளிறிய ரகம், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் மூன்று குடும்பங்களில் தோன்றியிருக்கிறது. ஒரு குடும்பத்து ஆல்பினோவையும் வேறு குடும்பத்து ஆல்பினோவையும் சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் வெளிறியிருப்பதில்லை. கறுப்புப் புள்ளியோடு பழைய நிறத்தில் பிறக்கின்றன! இதற்குத் தாயிடம் இல்லாதது தந்தையிடம் இருக்கிறது, தந்தையிடம் இல்லாதது தாயிடம் இருக்கிறது என்பதே காரணம். அபூர்வம் என்று நாம் காசு கொடுத்த இரண்டும் இரண்டு குறைகள். குறைகள் நிரம்பியதும் வருவது சாதாரணம். ஆக, சாதாரணம் என்பது ஒன்றும் இல்லாத நிலை அல்ல. எல்லாம் இருக்கிற நிலை. வெயிலும் பாறையும் பருந்தும் பசியும் எண்ணற்ற தலைமுறைகளாக உட்கார்ந்து திருத்தி எழுதிய பிரதி அது.

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அந்தக் குஞ்சு பார்வைக்குத்தான் பழைய பல்லி. இரண்டு குறைகளும் அதன் ரத்தத்தில் ஒளிந்திருக்கின்றன. பேரப்பிள்ளைகளில் வெளியே வரும். எனவே மாநிறத்தைக் காப்பாற்ற விரும்புகிறவன் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. எந்த ஊர்ப் பாறையிலிருந்து வந்த வம்சம், யாருக்கு யார் பிள்ளை, நடுவில் எந்த ரகமும் கலக்கவில்லையா என்று நோட்டுப் புத்தகம் வைத்துக் கணக்கு எழுத வேண்டும். நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துவிடாமல் பார்க்க வேண்டும். அப்படிச் செய்கிறவர்கள் சில பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு லாபமும் இல்லை, புது ரகத்துக்குப் பெயர் வைத்த புகழும் இல்லை.

வெற்றிலை விளையும் ஊர்க்காரருக்கு இந்த வேலை எளிதில் புரியும். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் அந்த வெற்றிலையை யாரும் விதை போட்டு முளைக்க வைப்பதில்லை. அகத்தியை நட்டு, பழைய கொடியில் நறுக்கிய துண்டை அதன் அடியில் ஊன்றித்தான் ஏற்றுகிறார்கள். தாத்தா வைத்த கொடியின் துண்டு பேரன் தோட்டத்தில் இருக்கிறது. அதே பெரியவர் ஒரு தடவை சொன்னார்: "விதைக்கொடி போச்சுன்னா பணத்தைக் கொட்டுனாலும் வராது தம்பி. வச்சிருக்கிறவன் கிட்டே போய் நிக்கணும்." வைத்திருப்பவன் ஒருவன் எங்கேயாவது இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஆரஞ்சுப் பல்லி போனால் இன்னொரு பெட்டியில் இன்னொரு விசித்திரம் பிறக்கும். கலக்காத வம்சம் போனால் போனதுதான்.

கண்ணாடிப் பெட்டியில் பழைய பல்லியைக் காப்பாற்றுவது பாறை நிலத்தைக் காப்பாற்றுவது ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தட்டில் வைத்த பூச்சியைத் தின்றது, நாளைக்கு ஆப்கானிஸ்தானத்துக் குளிரில் பிழைக்குமா? காட்டுப் பிராணிக்கு வீடு காடுதான். காட்டிலிருந்து புதிதாகப் பிடித்து வருவது பாதுகாப்பும் அல்ல, அன்பும் அல்ல. ஆனால் ஏற்கனவே நம் கைக்குள் வந்துவிட்ட ஜீவனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதன் கண்ணை, காதை, குறி தவறாமல் பாயும் திறமையை, நம் வேடிக்கைக்காகப் பறிக்காமல் இருப்பது அந்தக் கடனில் முதல் தவணை.

நேசிக்கிறேன் என்று சொல்கிறவர்கள் இரண்டு வகை. நேசிக்கப்படுவது தன் கண்ணுக்குத் தக்கபடி மாற வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர் ஒரு வகை. அது எப்படி இருக்கிறதோ அப்படிப் பார்ப்பதற்குத் தன் கண்ணைப் பழக்கிக்கொள்கிறவர் இன்னொரு வகை. கதைகளில் நாம் இரண்டாவது வகைக்குத்தான் கண்ணீர் விடுகிறோம். வாழ்க்கையில் நாய்க்குட்டியோ, மருமகளோ தேடப் புறப்படும்போது முதல் வகையாகி விடுகிறோம்.

ராஜபாளையத்திலோ வேறெங்கோ ஒரு கூடையில் ஆறு குட்டிகள் கிடக்க, நாலு வெள்ளையும் ஒரு புள்ளியும் ஒரு பழுப்பும் இருந்தால், குனிந்து பார்க்கிறவர் முதலில் கையைத் தட்டிப் பார்க்கட்டும். எந்தக் குட்டி தலையைத் திருப்புகிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும். அது பழுப்பாக இருந்தால் என்ன? கூப்பிட்டால் ஓடி வரும்.