எந்தப் பக்கம்?

1992இல் மெல்பேர்னில் இம்ரான் கான் உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது எங்கள் பகுதியில் பாதி ஊர் தானே வென்றதுபோல் குதித்தது. 1996இல் லாகூரில் அர்ஜுன ரணதுங்க தூக்கியபோதும் அதே பாதி ஊர்தான் குதித்தது. இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பின்னாளில் பலர் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பிள்ளைகளாக இருந்தபோது ஒரு கோளாறும் தெரியவில்லை.

இப்போதும் எங்கள் சவளக்கடையில் தேநீர்க்கடை வாசலில் நாற்பது தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால், நெல் விலையும் பசளை விலையும் பேசித் தீர்ந்த பிறகு பேச்சு 96க்குப் போய்விடும். ஜயசூரிய லாகூரில் விளாசித் தள்ளினார் என்று ஒருவர் சத்தியம் பண்ணுவார். அவர் விளாசியது பைசலாபாத்தில், இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில், 44 பந்துகளில் 82. இறுதியாட்டத்தில் 9 ஓட்டங்களோடு ரன் அவுட். கைப்பேசியில் எடுத்துக் காட்டினாலும் மனிதர் அசைய மாட்டார். அவர் கண்ணால் கண்டவராம்.

இவ்வளவு ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பேச்சில் ஏன் இத்தனை சூடு என்று யோசித்திருக்கிறேன். வென்றோம் என்பதனால் மட்டும் என்றால் 2014இல் மிர்பூரில் இந்தியாவை வீழ்த்தி வென்ற இருபது ஓவர் கிண்ணத்தைப் பற்றியும் இதே அளவு பேசியிருக்க வேண்டும். பேசுவதில்லை. இளமை என்பதனால் மட்டும் என்றால், அதே இளமையின் வேறு எதைப் பற்றியும் இவர்கள் இப்படி வாய் திறப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ‘நீ எந்தப் பக்கம்?’ என்பது விளையாட்டாகக் கேட்கிற கேள்வி அல்ல. சாவடியில் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்தவர்கள் கேட்டார்கள். இரவில் வந்து கதவைத் தட்டியவர்களும் கேட்டார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டவர்களிடம் அதைக் கேட்கக்கூட இல்லை. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒரே வட்டைக்கு இரு கரையில் இருந்துகொண்டு ஒன்றையொன்று கண்டு பயந்த வருஷங்கள் அவை. பதிலை நாம் சொல்ல வேண்டியதே இல்லை. பெயரைச் சொன்னால் போதும், பக்கம் தீர்ந்தது.

கிரிக்கெட்டில் மட்டும் பக்கத்தை நாமே எடுக்கலாம். என் வாப்பா பாகிஸ்தான். காரணம் கேட்டால் வசீம் அக்ரமின் இடது கையைச் சொல்வார். காக்கா லாராவுக்காக மேற்கிந்தியத் தீவுகள். அண்ணாமலைக் கிராமத்திலிருந்து வந்து எங்களோடு பந்தடித்த தமிழ்க் கூட்டாளி டெண்டுல்கருக்காக இந்தியா. நான் இலங்கை, ஏனென்றால் வீட்டில் வேறு யாரும் அதை எடுக்கவில்லை. பக்கத்தை வைத்துச் சண்டை பிடித்தோம், இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. அப்படியொரு சண்டை அன்றைக்கு எங்களுக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

1996 தொடங்கியதே இரத்தத்தில்தான். ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்து ஏறக்குறைய தொண்ணூறு பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட வர மறுத்தன. ஆடாமலே இலங்கைக்குப் புள்ளிகள் கிடைத்தன. பெப்ரவரி 13இல், நோன்பு மாதத்தில், இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்த ஓர் அணி கொழும்புக்கு வந்து ஆடியது. அசாருதீன் தலைவர், டெண்டுல்கரும் வசீம் அக்ரமும் ஒரே பக்கம். பெரியவர்களுக்கு அது வெறும் நல்லெண்ண ஆட்டம். வாப்பாவுக்கும் என் கூட்டாளிக்கும் ஒரே ஆளுக்குக் கைதட்ட வேண்டி வந்தது எனக்குப் பெரிய வேடிக்கை.

மார்ச் 13 அரையிறுதி. ஈடன் கார்டனில் 98க்கு ஒன்று என்று நின்ற இந்தியா 120க்கு எட்டு என்று சரிந்தது. போத்தல்கள் பறந்தன, இருக்கைகளில் தீ. போட்டி நடுவர் கிளைவ் லோயிட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்தார். அழுதுகொண்டே வெளியேறிய காம்ப்ளியைப் பார்த்து என் கூட்டாளியும் அழுதான். கேலி செய்ய வாயெடுத்த என்னை உம்மா முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

இறுதியாட்டம் ஞாயிறு, 17ஆம் திகதி. கரண்டை நம்ப முடியாதென்று டீவி இருந்த வீட்டுக்காரர் உழவு மெசினின் பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொண்டார். பெரும்போக அறுவடை நேரம். சூடு அடிக்க வேண்டிய மெசின் சும்மா நின்றது. வயல்காரர் ஏசிக்கொண்டே வந்தார், வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை நடந்த ஐந்து இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருக்க, ரணதுங்க நாணயச் சுழற்சியில் வென்றும் பந்துவீச்சை எடுத்தார். 241 ஆஸ்திரேலியா. 23க்கு இரண்டு விக்கெட் போன பிறகு வந்தார் அரவிந்த. ஏற்கெனவே மூன்று விக்கெட் எடுத்தவர். 107 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். வாப்பாவின் பாகிஸ்தான் காலிறுதியிலேயே பெங்களூரில் போய்விட்டிருந்தது. அன்றைக்கு அவரும் எங்களோடுதான். கூட்டாளியும் வந்திருந்தான், முரளிதரனுக்காக என்று சொல்லிக்கொண்டு.

பிறகு கிரிக்கெட்டுக்கும் சாவடி வந்தது. 2009 மார்ச்சில் அதே லாகூர் கடாபி அரங்குக்குப் போகும் வழியில் இலங்கை வீரர்களின் பேருந்து சுடப்பட்டது. மே மாதம் போர் முடிந்தது. ஜூன் 21இல் லோர்ட்ஸில் இலங்கைக்கும் பாகிஸ்தானுக்கும் இருபது ஓவர் இறுதியாட்டம். நான் வேலை செய்த இடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், நாளைக்கு நீங்கள் யார் பக்கம் என்று. சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது. வாப்பாவுக்கு அந்தக் கேள்வி வந்திருந்தால் அக்ரமின் கையைச் சொல்லியிருப்பார். என்னிடம் அப்படி ஒரு காரணம்கூட இல்லை, நான் என்றைக்கும் இலங்கைதான். ஆனாலும் கேட்டவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டு வாங்கினால் அது பிள்ளையில் நான் எடுத்த பக்கம் ஆகாது. நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிவிடும். அணிக்குக் கைதட்டுவதை வைத்து நாட்டுப்பற்றை நிறுத்துப் பார்க்கிறவர்களுக்கு விளையாட்டும் தெரியாது, பற்றும் தெரியாது என்பது என் கட்சி.

2022 செப்டெம்பர் 11. ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடி இரண்டு மாதம், கியூஆர் கோட்டில் அளந்து கிடைத்த பெற்றோல். துபாயில் ஆசியக் கிண்ண இறுதி, மறுபடியும் பாகிஸ்தான். என் தங்கையின் மகன் பாபர் அசாமின் கவர் டிரைவுக்காகப் பாகிஸ்தான். பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று அவன் தாய் பயந்தாள். விடு, அவன் எடுத்த பக்கம் என்றேன். பாபர் 5இல் போனார். ஹசரங்க ஒரே ஓவரில் மூன்று பேரை அனுப்பினார், இலங்கை 23 ஓட்டங்களால் வென்றது. கைதட்டியவர்களில் வாப்பாவும் இருந்ததைக் கண்டு பேரனுக்குப் பொறுக்கவில்லை.

“நீங்க பாகிஸ்தான் எண்டுதானே சொன்னீங்க, மூத்தாப்பா!”

“அக்ரம் ஆடக்குள்ள சொன்னது மகன். அந்தப் பொடியன் இப்பிடிப் பந்து போட்டா நான் என்ன செய்ய?”

அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். காலையில் எழுந்ததும் முதல் பேச்சே, பாபர் அடுத்த ஆட்டத்தில் நூறு அடிப்பார் என்பதுதான்.