கைக்கு எட்டும் தூரத்தில் வந்த உயிர்

சென்ற ரஜப் மாதத்தில் ஒருநாள் மஃரிபு தொழுகை முடிந்து, நாம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நமது ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி உட்கார்ந்தார். அமெரிக்காவில் வேலை பார்ப்பவர். விடுமுறையில் ஊர் வந்திருந்தார். சற்று நேரம் தயங்கிவிட்டு, "ஹஸ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பீர்களோ என்று கூச்சமாக இருக்கிறது" என்றார். நாம் சிரிக்கவில்லை. அவர் சொல்லி முடித்தபோது நமக்கே பதில் எளிதில் வரவில்லை.

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஈக்வடார் நாட்டிலிருந்து ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் மாக்கடலின் நடுவே, பூமத்திய ரேகையை ஒட்டி கலாபகஸ் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. கடலடியிலிருந்து பொங்கி எழுந்த எரிமலைகளின் தலைகளே அத்தீவுகள். பெரியவை 13, சிறு தீவுகளும் பாறைகளும் பல. நெருப்பு இன்னும் அணைந்துவிடவில்லை. பெர்னாண்டினா என்ற தீவின் எரிமலை 2024 மார்ச்சிலும் குமுறி நெருப்பைக் கக்கியது. அந்தக் கரும்பாறைகளின் மீது அல்லாஹுத்தஆலா வேறெங்கும் காணக் கிடைக்காத ஜீவன்களைக் குடியமர்த்தியிருக்கிறான். கடலில் மூழ்கிப் பாசி தின்று, உண்ட உப்பை மூக்கின் வழியாகப் பீறிட்டுத் தள்ளும் உடும்பு. சிறகிருந்தும் பறக்காத நீர்க்காகம். குளிர்நாட்டில்தான் உண்டென்று நாம் நினைத்திருந்த பெங்குவின். இருநூறு கிலோவுக்கு மேலும் எடை வளரும் பேராமை. இவற்றைப் பார்ப்பதற்கென்றே கப்பல்கள் செல்கின்றன. இரவில் கப்பல் ஓடும். விடிந்ததும் ஒரு தீவின் ஓரம் நங்கூரமிடும். சிறு ரப்பர் படகுகளில் பயணிகளைக் கரையேற்றி, வழிகாட்டி ஒருவர் அழைத்துச் சென்று காட்டுவார். இருட்டுமுன் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். நமது இளைஞர் அப்படி எட்டு நாட்கள் சென்று வந்திருக்கிறார். கப்பலில் பரிமாறப்பட்ட ஆகாதவற்றைத் தொடாமல் மீனும் காய்கறியும் உண்டதாகவும், தொழுகைகளைச் சுருக்கியும் சேர்த்தும் நிறைவேற்றியதாகவும் நாம் கேட்காமலே சொன்னார்.

இந்தக் காசை வேறு நல்ல வழியில் செலவிட்டிருக்கலாமே என்று வாசகர்களில் சிலர் எண்ணக்கூடும். ஜகாத்தைக் கொடுத்து, பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் உள்ள கடமையைச் செய்துவிட்டு, பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்கும்படி திருமறை ஏவியிருக்க, ஒருவர் அதைப் பார்க்கப் போனால் அதில் குறை காண நமக்கு மனம் வரவில்லை. அவர் கேட்ட மஸ்அலாவும் அதுவல்ல.

அத்தீவுகளின் பிராணிகள் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. காலங்காலமாக மனிதனின் காலடியோ பெரிய விலங்குகளின் வேட்டையோ இல்லாமல் வாழ்ந்ததால், அஞ்சி ஓடும் பழக்கம் அவற்றில் வேரூன்றவில்லை. 1535-ல் பனாமாவின் பிஷப் ஒருவர் சென்ற கப்பல், காற்று நின்று நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டுத் தற்செயலாக அங்கே ஒதுங்கியது. பறவைகள் பறந்தோடத் தெரியாத அசடுகளாக இருந்தன, கையாலேயே பிடித்தோம் என்று அவர் தம் மன்னருக்கு எழுதினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் 1835-ல் வந்த டார்வின், மரக்கிளையில் இருந்த பருந்தைத் துப்பாக்கியின் முனையால் தள்ளியதாக எழுதிவைத்திருக்கிறார். (அவருடைய கொள்கையைப் பற்றிய விவாதம் வேறு, அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை. கண்டதைக் கண்டபடி எழுதியவர் என்ற அளவில் இதை எடுத்துக்கொள்வோம்.)

நடந்தது இதுதான். ஒரு கடற்கரையில் குழு முன்னே சென்றுவிட, நம் இளைஞர் படமெடுப்பதற்காகச் சற்றுப் பின்தங்கினார். கடற்சிங்கக் குட்டி ஒன்று மணலில் தத்தித் தத்தி வந்து அவருடைய காலை முகர்ந்தது. எந்தப் பிராணிக்கும் இரண்டு மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நிற்க வேண்டும், தொடவே கூடாது என்பது அங்கே சட்டம். முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆனால் குட்டியே அல்லவா வந்தது? யாரும் பார்க்கவுமில்லை. குனிந்து அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். அன்றிரவு கப்பலில் வழிகாட்டி பேசும்போது, தாய்க் கடற்சிங்கம் தன் குட்டியைக் குரலாலும் வாசனையாலுமே அடையாளம் காண்கிறது, மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஏற்காமல் விட்டுவிடக்கூடும், வேறெந்தத் தாயும் பால் கொடுக்காது என்றாராம். மறுநாள் விடிந்தபோது கப்பல் வேறொரு தீவின் அருகில் நின்றது.

"நான் அடிக்கவில்லை ஹஸ்ரத். வேட்டையாடவுமில்லை. அன்பாகத்தான் தடவினேன். இது பாவமா?"

அந்நேரம் நம் நினைவுக்கு வந்தது ஸூரத்துல் மாயிதாவின் 94-வது வசனம். ஈமான் கொண்டவர்களை அல்லாஹ் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு சோதிப்பான் என்றும், அவர்களுடைய கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும்படி அவை வரும் என்றும், மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்று வெளிப்படுவதற்காகவே அது என்றும் அதில் வருகிறது. ஹிஜ்ரி 6-ம் ஆண்டு ஹுதைபிய்யாப் பயணத்தில் ஸஹாபாக்கள் இஹ்ராமில் இருந்தபோது, அதற்குமுன் கண்டிராத அளவில் காட்டுப் பிராணிகளும் பறவைகளும் அவர்களுடைய கூடாரங்களுக்கிடையிலேயே வந்தன என்று முஃபஸ்ஸிரீன்கள் எழுதுகிறார்கள். அரபியர் பாலைவனத்தில் நாள் முழுதும் ஓடினாலும் எளிதில் அகப்படாத இரை, கையை நீட்டினால் போதும் என்று வந்து நின்றது. அவர்கள் நீட்டவில்லை. அவர்களுக்கு முன் சனிக்கிழமைக்காரர்கள் இருந்தார்கள். தடுக்கப்பட்ட நாளில்தான் மீன்கள் தலைகாட்டிக்கொண்டு கூட்டமாக வந்தன. அவர்களோ தந்திரம் செய்து பிடித்தார்கள். ஆக, ஒரு ஜீவன் தானாக நம் கைக்கருகே வருவது நமக்குத் தரப்பட்ட அனுமதி என்று எண்ணிவிட முடியாது. இவ்விரு இடங்களிலும் அது சோதனையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. "அதுவே வந்தது" என்ற வாதம் சனிக்கிழமைக்காரர்களுக்கும் இருந்திருக்கும்.

அந்த ஸூராவின் முதல் வசனத்தை ஓதிப் பாருங்கள். உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி ஏவுகிற அதே வசனத்தில், இஹ்ராம் நிலையில் வேட்டையை ஆகுமாக்கிக் கொள்ளக்கூடாது என்பதும் சேர்ந்து வருகிறது. மதரஸாவில் ஓதிய காலத்தில் இவ்விரண்டும் ஏன் அடுத்தடுத்து வருகின்றன என்று நாம் யோசித்ததில்லை. கலாபகஸுக்குள் நுழைகிறவர் அந்நாட்டு விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டே நுழைகிறார். இரண்டு மீட்டர் என்பது வஹீ அல்ல. ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு அது ஒப்பந்தம்.

ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஹரம் ஷரீஃபின் எல்லையில் வேட்டைப் பிராணியைக் கொல்வது மட்டுமல்ல, வெருட்டுவதும் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வெருட்டுவது என்றால் என்ன? நிழலில் இருக்கும் பிராணியை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் நீ அமர்வது என்று இக்ரிமா (ரஹ்) அவர்கள் விளக்கம் சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. கலாபகஸின் துறைமுக ஊர்களில், மனிதர்கள் உட்காரப் போட்டிருக்கும் பெஞ்சுகளில் கடற்சிங்கங்கள் ஏறிப் படுத்து உறங்குமாம்; ஊரார் நின்றுகொண்டிருப்பார்களாம். கேட்டபோது இக்ரிமா (ரஹ்) அவர்களின் விளக்கந்தான் நமக்கு ஞாபகம் வந்தது.

இன்னொரு நிகழ்ச்சி முஅத்தாவில் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் இஹ்ராமுடன் மக்காவை நோக்கிச் செல்லும் வழியில், அம்பு தைத்த மான் ஒன்று நிழலில் உடலை வளைத்துக் கிடந்தது. கூட்டம் முழுவதும் கடந்து போகும்வரை ஒருவரும் அதைத் தொந்தரவு செய்யாதபடி பார்த்துக்கொள்ள, ஒரு மனிதரை அதன் அருகில் நிற்கச் சொன்னார்கள். ஒரு பெரும் பயணக் கூட்டம், ஒரு காயம்பட்ட மான், நடுவே ஒரு காவலர்! தீவின் வழிகாட்டி தம் குழுவை ஒதுக்கி நடத்திச் செல்வதைக் கேட்டபோது, அவர் அறியாமலே ஒரு ஸுன்னத்தின் நிழலில் நிற்கிறார் என்றே நமக்குத் தோன்றியது.

காவலர் இல்லாத காலத்தில் அங்கே நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். கடற்கொள்ளையரும், பின்னர் திமிங்கில வேட்டைக்காரரும் அந்தத் தீவுகளில் இறங்கி ஆமைகளை ஆயிரக்கணக்கில் தூக்கிச் சென்றார்கள். தீனியும் தண்ணீருமின்றி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் பொறுமையை அல்லாஹ் அவற்றுக்குக் கொடுத்திருந்தான். அந்தப் பொறுமையே அவற்றுக்கு வினையாயிற்று. கப்பலின் அடித்தளத்தில் அடுக்கி வைத்து, இறைச்சி வேண்டிய போதெல்லாம் ஒன்றொன்றாக அறுத்தார்கள். பிடித்துச் செல்லப்பட்டவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். பட்டினி போட்டு வேலை வாங்கிய எஜமானனைப் பற்றி ஓர் ஒட்டகம் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டது; அவர்கள் அதைத் தடவிக் கொடுத்து, எஜமானனை அழைத்துக் கண்டித்தார்கள். இந்த ஆமைகள் யாரிடம் முறையிட்டிருக்கும்? பின்டா தீவில் 1971-ல் ஒரே ஓர் ஆண் ஆமை எஞ்சியிருப்பதைக் கண்டார்கள். நாற்பது ஆண்டுகள் பராமரித்தும் அதற்கு இணை கிடைக்கவில்லை. 2012 ஜூன் 24-ம் தேதி அது இறந்தது. அதனுடன் அந்தக் குலமே முடிந்தது. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற உம்மத்துக்களே என்ற கருத்தைத் திருமறையில் ஓதும் நாம், ஓர் உம்மத் அற்றுப்போவது என்றால் என்ன என்று நினைத்துப் பார்க்க இது ஓர் இடம்.

அதே பின்டா தீவில் 1959-ல் மீனவர்கள் மூன்று ஆடுகளை விட்டுச் சென்றார்கள். பிறகு வரும்போது இறைச்சிக்கு உதவும் என்ற கணக்கு. அவை பல்லாயிரமாகப் பெருகி, ஆமைக்கு உணவும் நிழலும் தந்த செடிகொடிகளை மொட்டையடித்தன. வேறு தீவுகளிலும் இதே கதை. 1997 முதல் 2006 வரை நடந்த ஒரு பெருந்திட்டத்தில், பெரும்பாலும் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு, ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் போல ஆடுகளைக் கொன்றார்கள். பெரும்பாலான உடல்கள் கிடந்த இடத்திலேயே விடப்பட்டன. மறைந்து தப்பியவற்றைக் கண்டுபிடிக்க, ஓர் ஆட்டின் கழுத்தில் வானொலிக் கருவியைக் கட்டி விடுவார்கள்; தனிமை தாங்காத அந்த ஆடு தன் கூட்டத்தைத் தேடிப் போகும்; பின்னாலேயே துப்பாக்கியும் போகும்.

இதைப் பற்றி நம் தீர்ப்பென்ன என்று இளைஞர் கேட்டார். உண்பதற்கல்லாமல் ஆட்டையோ ஒட்டகத்தையோ கொல்லாதே என்று ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் தம் படைத்தலைவருக்குச் செய்த உபதேசம் ஒருபக்கம். பெருந்தீங்கைச் சிறு தீங்கால் தடுக்கலாம் என்ற ஃபிக்ஹின் சட்டவிதி மறுபக்கம். ஆடுகளை விட்டிருந்தால் ஆமைகளின் குலங்கள் பலவும் பின்டா ஆமையைப் பின்தொடர்ந்திருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆகவே அச்செயலைத் தவறென்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆனால் கூட்டத்தைத் தேடிப் போன அந்த ஆட்டை நினைக்கும்போது, நல்ல காரியம் என்று சொல்ல நாவும் எழவில்லை. பாவத்தின் முதல் பங்கு அந்த மூன்று ஆடுகளை இறக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் படகைத் தள்ளியவர்களுடையது. அவர்களும் ஆடுகளுக்குத் தீங்கு நினைத்து அதைச் செய்யவில்லை.

தீங்கு நினைக்கவில்லை என்ற இந்த இடத்துக்கு வந்ததும் நம் இளைஞர் தலை குனிந்துகொண்டார். அவருக்காக நாம் இதைச் சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிட்டோம்.

அவர் கேள்விக்கு நாம் சொன்ன பதில் இவ்வளவுதான்: அறியாமல் செய்த பகுதிக்கு அல்லாஹ் பிடிக்கமாட்டான் என்று ஆதரவு வைக்கலாம். தொடக்கூடாது என்று அறிந்து, யாரும் பார்க்கவில்லை என்று துணிந்த பகுதி இருக்கிறதே, அதற்குத் தவ்பா வேண்டும். மனிதனின் ஹக்கைப் பறித்தவன் அந்த மனிதனிடம் மன்னிப்புக் கேட்கலாம். வாயில்லா ஜீவனிடம் எப்படிக் கேட்பது? கொம்பில்லாத ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடம் கணக்குத் தீர்க்கப்படும் அந்த நாளை நாம் நம்புகிறோம். எனவே, அந்தக் குட்டியைத் தாய் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டுமென்று துஆச் செய்யுங்கள். அங்கே போகிற நண்பர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள் என்றோம்.

"இஹ்ராமில் வேட்டையாடினால் பரிகாரம் உண்டே, ஹஸ்ரத். அதுபோல இதற்கு ஏதாவது?"

இல்லை என்றோம். அந்தப் பரிகாரம் இஹ்ராமுக்கும் ஹரமுக்கும் மட்டும் உரியது. அந்தத் தீவு ஹரமுமல்ல, நீங்கள் இஹ்ராமிலும் இல்லை. ஷரீஅத் விதிக்காத ஒன்றை நாம் விதிக்க முடியாது.

"இருந்திருந்தால் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்" என்றார் அவர்.