சும்மா வந்த விதி

திருவெண்ணெய்நல்லூர் வழக்கைப் பக்திக் கதையாகவே கேட்டிருப்போம். கல்யாணப் பந்தலுக்கு வந்த கிழவர், சுந்தரர் தன் அடிமை என்கிறார். நீட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துப்போட, அது வெறும் படி, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கு என்கிறார். அந்தணருக்கு அந்தணர் அடிமையாகும் வழக்கமே கிடையாது என்பது சுந்தரர் வாதம். சபையோ பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, நீ தோற்றாய் என்கிறது. வந்தவர் சிவன் என்பதால் முடிவு சுபம். சிவனை எடுத்துவிட்டுப் பாருங்கள்: பாட்டன் தன்னையும் தன் வழிவருவோரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது செல்லும்.

இங்கே எனக்கு லீ இயற்கணிதம் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். அதில் எந்த இரண்டு உறுப்புகளைப் பெருக்கினாலும், வரிசையை மாற்றினால் குறி மாறும். எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் அது முற்றொருமை. இரண்டு இடத்திலும் ஒரே உறுப்பை வைத்தால், விடை தன் எதிர்க்குறிக்கே சமமாகிறது. அதாவது விடையின் இருமடங்கு பூச்சியம். அப்போ விடையும் பூச்சியம். தன்னோடு தன்னைப் பெருக்கினால் ஒன்றும் மிஞ்சாது என்ற விதி சும்மா வந்துடுது.

சிறப்பியல்பு 2 உள்ள களத்தில் அப்படி வராது. அங்கே ஒன்றும் ஒன்றும் பூச்சியம். எதை இருமடங்காக்கினாலும் பூச்சியம்தான் என்பதால், விடை என்னவென்றே தெரியாது. அந்த விதியைத் தனியாக எழுதித்தான் வைக்கணும்.

நீ எனக்குச் செய்யக் கூடாததை நான் உனக்குச் செய்யக் கூடாது. இது இருவருக்கு இடையிலான விதி. என்னையே நான் விற்கக் கூடாது என்பது இதிலிருந்து வருமா? சமத்துவம் என்று சொன்னாலே வந்துவிடும் என்று நினைக்கிறோம். பசிக்கிற வீட்டில் வராது. அங்கே விற்பவரும் சரக்கும் ஒரே ஆள். சம்மதம் உண்டா என்று சபை கேட்டால், உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில்கூட 1859இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதும்போது இதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருந்தது. நம் நாட்டின் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், ஒருவரையோ அவர் குடும்பத்தாரையோ கொத்தடிமை வேலைக்குக் கட்டும் வழக்கமோ ஒப்பந்தமோ ஆவணமோ எதுவும் செல்லாது என்கிறது. அந்த ஓலைக்கே எழுதின பதில் மாதிரி இருக்கும்.

பட்டியல் இதோடு முடிந்ததா? சிறப்பியல்பு 2 உள்ள முடிவிலிக் களத்தின் மேல், சில முற்றொருமைகளை எழுதி மற்றதையெல்லாம் அவற்றிலிருந்து வரவழைக்கவே முடியாத லீ இயற்கணிதம் உண்டு என்று 1970இல் வாகன்-லீ காட்டினார். எத்தனை எழுதினாலும், அவற்றில் அடங்காத ஒன்று வெளியே நிற்கும். கணக்கை வைத்து நீதியை நிரூபிக்க முடியாது, எனக்குத் தெரியும். ஆனாலும் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்திடம் இன்று யாரும் ஓலை கேட்பதில்லை. அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். அது கழிகிறவரைக்கும், சில சூளைகளில், பிள்ளைகளும் சேர்ந்து கல் அறுக்கிறார்கள்.