தண்ணீர் வார்த்த பாவம்

தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் போடும் ஊரில் பிறந்தவன். அந்தப் புண்ணியத்தாலேயே ஓர் உயிரைக் கொன்றுவிட்டேன் என்றால் நம்புவீர்களா?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் என் மகள் வீட்டில் ஒரு கோடைக்காலம் தங்கியிருந்தேன். பின்புறச் சரிவில் ஆள் உயரத்துக்கு ஒரு செடி நின்றது. ‘ஃபிளானல் புதர்’ என்று அதற்குப் பெயர். இலையில் கம்பளித்துணி போலச் சொரசொரப்பு. வசந்தத்தில் மஞ்சள் பூக்களால் செடியே மறைந்துபோகும் என்றாள் மகள். நான் போனபோது பூவெல்லாம் உதிர்ந்திருந்தது. மண் வறண்டு வெடித்திருந்தது. ஜூலையில் ஒரு துளி மழை இல்லை, ஆகஸ்டிலும் இல்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். சும்மா இருக்கும் கிழவன் செய்யக்கூடிய உபகாரம் வேறென்ன? மாலைதோறும் ரப்பர் குழாயை எடுத்துச் சென்று வேர் நனைய நனையத் தண்ணீர் விட்டேன்.

சில வாரங்களில் இலைகள் வாடின. ஐயோ, வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். செடி செத்துப்போயிற்று.

மகள் வேரடி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்பா, இதுக்குத் தினமும் தண்ணி விட்டீங்களா?”

“ஆமாம்மா. பாவம், காய்ஞ்சு கிடந்துதே!”

“இது காயலைப்பா. கோடை முழுக்க அது ஓய்வு எடுத்துக்கும். சூடான மண்ணில ஈரம் நின்னா வேர் அழுகிடும்.”

கோபித்துக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சிரித்தாள். அந்த நாட்டில் மழைக்காலம் என்பது குளிர்காலம்தான். நவம்பரில் தொடங்கி மார்ச்சு வரை பெய்யும். பிறகு அரை வருஷம் வானம் திறப்பதில்லை. அங்கே பிறந்த செடிகள் அந்தக் கணக்குக்குத் தங்கள் வாழ்க்கையை வகுத்துக்கொண்டுவிட்டன. என் கருணை அந்தக் கணக்கில் இல்லை.

வேறு செடி வாங்க, சன் வேலி என்ற பகுதியில் இருக்கும் நாற்றுப் பண்ணைக்கு என்னை அழைத்துப் போனாள். அங்கே கிடைப்பவை அனைத்தும் கலிபோர்னியாவின் சொந்தச் செடிகள். பண்ணைக்குத் தியோடர் பெயின் என்பவரின் பெயர். அவர் யார் என்று விசாரித்தபோதுதான் நான் எதிர்பாராத செய்தி கிடைத்தது. அவர் கலிபோர்னியாக்காரரே அல்ல!

1872-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். அங்கே ஒரு நாற்றுப் பண்ணையில் தொழில் பழகி, 1893-இல் கலிபோர்னியாவுக்கு வந்து, ஹெலெனா மோஜெஸ்கா என்ற புகழ்பெற்ற போலந்து நடிகையின் பண்ணையில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். அந்த அம்மாள் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துப் பேர் வாங்கியவர். தம்முடைய பண்ணைக்கு ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வரும் வனத்தை நினைத்து ‘ஆர்டன்’ என்று பெயர் வைத்தார். ஊரை விட்டு வந்தவர்கள் செய்வது அதுதானே? கண்ணெதிரே இருக்கும் மலைக்கு மனத்திலிருக்கும் மலையின் பெயரைச் சூட்டுகிறோம். அதே பண்ணையில் மண்வெட்டி பிடித்த இளைஞரோ கண்ணெதிரே இருந்த மலையையே பார்த்தார்.

அப்போது அந்த மலைச்சரிவுகளும் சமவெளிகளும் வேகமாக வயலாகவும் வீட்டு மனையாகவும் மாறிக்கொண்டிருந்தன. காட்டுப்பூக்கள் களையென்று உழப்பட்டன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டேவிட் டக்ளஸ் என்ற தாவர ஆராய்ச்சியாளர் 1830-களிலேயே விதைகளை அனுப்பிவைத்ததால், கலிபோர்னியப் பூக்கள் இங்கிலாந்துத் தோட்டங்களில் செல்வாக்கோடு பூத்துக்கொண்டிருந்தன. சொந்த ஊரில்தான் அவற்றுக்கு மதிப்பில்லை.

பெயின் 1903-இல் சொந்த வியாபாரம் தொடங்கினார். காலி மனைகளில் காட்டுப்பூ விதைகளைத் தூவிப் பூக்கவைத்து, போகிறவர் வருகிறவரை நிற்கவைத்தார். 1915-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் எக்ஸ்பொசிஷன் பூங்காவில் ஐந்து ஏக்கரில் 262 வகைச் சொந்தச் செடிகளை நட்டுக் காட்டினார். அவர் வீட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்த வகைகள் 400-க்கும் மேல் என்கிறார்கள். 1963-இல் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1960-இல், அன்பர்கள் அவர் பெயரால் ஓர் அறநிறுவனம் அமைத்தார்கள். நான் நின்றிருந்த பண்ணை அதனுடையது.

அங்கே உதவிக்கு வந்திருந்த ஒரு மூதாட்டியிடம், “நீங்கள் அவரைப் பார்த்ததுண்டா?” என்று கேட்டேன். இல்லையாம். ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் டோயான் செடியைத்தான் நினைத்துக்கொள்வாராம். குளிர்காலத்தில், மற்றவை மங்கி நிற்கும்போது, சிவப்புச் சிவப்பாகக் கனி தாங்கும் செடி அது. பறவைகள் தேடி வரும். அந்த மண்ணின் ஆதிகுடிகளான டோங்வா மக்கள் அந்தக் கனியை வாட்டி உண்டார்கள். இங்கிலாந்திலிருந்து ஒருவர் வந்து கண்டுபிடிக்க வேண்டிய ரகசியம் எதுவும் அந்தக் காட்டில் இல்லை. அறிந்தவர்கள் முன்பே இருந்தார்கள். அவர்களிடம் கேட்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது மாட்டிலிஜா பாப்பி. வெள்ளைப் பட்டுத்துணியைக் கசக்கி விரித்தது போன்ற இதழ்கள். நடுவே மஞ்சள் பந்து. அதன் விதை எளிதில் முளைக்காது. விதைத்த மண்ணின்மேல் வைக்கோலைப் பரப்பித் தீ வைப்பார்களாம். காட்டுத்தீ கடந்த மண்ணில் முளைத்துப் பழகிய ஜாதி அது! ஒன்றுக்குத் தீ வேண்டும், இன்னொன்றுக்குத் தண்ணீர் கூடாது. இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளத் தெரிந்தவன்தான் அவற்றை வளர்க்க முடியும்.

மண்ணின் மைந்தன் யார் என்ற கேள்வி நம் காலத்தில் அடிக்கடி எழுகிறது. பெயினின் வாழ்க்கையைப் பார்த்துவிட்டு, பிறப்பினால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது என்று சொல்லத் தோன்றுகிறது. அந்நியச் செடியெல்லாம் பாவம் என்று நினைத்த வெறியரும் அல்லர் அவர். ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் விதையையும் விற்றவர்தான். ஆனால் ஒரு மண்ணைத் தம் விருப்பத்துக்கு வளைப்பதற்கு முன்னால், அதன் விருப்பம் என்ன என்று கேட்டார்.

அன்பு என்பதே இந்தக் கேள்விதானோ?

திரும்பும்போது காரில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிப் பருவத்தில் அவள் படம் வரைவாள். இலை, பூ, வண்ணத்துப்பூச்சி என்று நோட்டு நோட்டாக வரைவாள். அவள் நன்மைக்கென்று அந்த நோட்டுகளைப் பரண்மேல் போட்டுவிட்டு, கணக்குக்கு ஓர் ஆசிரியர், ஆங்கிலத்துக்கு ஓர் ஆசிரியர் என்று நியமித்தேன். அவள் முகம் வாடியபோது இன்னும் ஓர் ஆசிரியரைச் சேர்த்தேன். கருமித்தனம் செய்யவில்லை. தாராளமாகத்தான் ஊற்றினேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. நல்லவேளையாகப் பெண்ணின் வேர் செடியின் வேரைவிட உறுதியானது. தப்பிப் பிழைத்துவிட்டாள்.

“நீ இப்போ வரையறதில்லையாம்மா?” என்று கேட்டேன்.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இந்தத் தோட்டம் போட்டதே அதுக்குத்தாம்ப்பா” என்றாள்.

முதல் மழையை எதிர்பார்த்து, நவம்பரில் அதே இடத்தில் புதிய செடியை நட்டோம். குழி தோண்டியது நான். வேர் பிடிக்கும்வரை எத்தனை நாளுக்கொரு தடவை, எவ்வளவு தண்ணீர் என்பதை அவள் சொன்னாள். அவள் சொன்ன அளவுக்குமேல் ஒரு சொம்புகூட விடாமல், ஊருக்குப் புறப்படும்வரை காவல் இருந்தேன்.