பழி யாருக்கு?

உயிர்களுள் உயர்வு தாழ்வு கற்பித்தல் நமக்கு எளிது. வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், பிற மரங்கள் ஏறத் தயங்கும் உயரத்தில், பனிக்காற்றை எதிர்த்து 500 ஆண்டுகளுக்கு மேலும் நிற்கவல்லது வெண்பட்டைப் பைன் என்னும் ஊசியிலை மரம். அதன் கூம்புகள் தாமாக விரிந்து விதை சிந்துவதில்லை. காக்கையினப் பறவையொன்று அவற்றைக் கொத்தி, விதைகளை மண்ணில் புதைத்து வைக்கிறது. அது தின்னாது விட்டவை முளைக்கின்றன. கரடிகளும் அவ்விதைகளை உண்டு கொழுக்கின்றன. அம்மரத்தை அழிப்பதோ கண்ணுக்குத் தெரியாத வித்துகளாய்க் காற்றில் அலையும் கொப்புளத் துருப்பூஞ்சை. ஊசியிலையின் நுண்துளை வழியே புகுந்து, கிளையில் படர்ந்து, அடிமரத்தின் பட்டையைச் சுற்றிலும் கெடுத்துவிடுகிறது. கொடுத்து வாழ்வது மரம், கெடுத்து வாழ்வது பூஞ்சை எனத் தீர்ப்பெழுதத் தோன்றுகிறதன்றோ?

சற்றுப் பொறுத்து நோக்குவோம். இப்பூஞ்சை உயிருள்ள திசுவிலன்றி வாழாது. மரம் மடிந்தால் அம்மரத்திலுள்ள பூஞ்சையும் மடியும். அதன் தாயகமாகிய ஆசியாவில் பைன் மரங்கள் நெடுங்காலம் அதனோடு பழகி, பெரும்பாலும் அதனைத் தாங்கி நிற்கின்றன. அமெரிக்க மரத்துக்கோ அது முன்பின் அறியாத பகை. அதனைக் கடல் கடத்தியவன் மனிதன். ஐரோப்பிய நாற்றங்கால்களில் வளர்ந்த பைன் கன்றுகளை வாங்கியபோது நோயும் உடன் வந்தது. 1910-இல் பிரான்சிலிருந்து வான்கூவருக்கு வந்த கன்றுகளோடு மேற்குக் கரையிலும் இறங்கியது.

அதன்பின் தண்டனை பெற்றது யார் தெரியுமா? ரைபீஸ் என்னும் பழப்புதர்! பூஞ்சை ஒரு பைனிலிருந்து மற்றொரு பைனுக்கு நேரே தாவாது. இடையில் பெரும்பாலும் இப்புதரில் தங்கியே செல்லும். ஆகவே ஆண்டுக்கணக்கில் காடுகளில் புதர்களைத் தேடித் தேடிப் பிடுங்கினர். அமெரிக்க நடுவணரசு அவற்றை வளர்க்கவும் தடை விதித்து, 1966-இல்தான் நீக்கியது. நோய் நிற்கவில்லை.

பூஞ்சையும் ஓர் உயிரே. அதனைத் தடுக்க நமக்கு என்ன உரிமை என மாணவர் கேட்கலாம். நல்ல வினா. மரம் பெரிது, பூஞ்சை சிறிது என்பது அதற்கு விடையாகாது. பூஞ்சையை ஆசியாவிலும் துடைத்தழிக்க வேண்டும் என்று நான் சொல்லேன். ஆயின், இடையிலிருந்த கடல் என்னும் வேலியைத் தாண்டச் செய்தவர் நாம். நமது கடப்பாடு உயிர்களின் தகுதியால் வருவதன்று, நாம் செய்த செயலால் வருவது.

2022-இல் அமெரிக்க அரசு வெண்பட்டைப் பைனை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. நோய்ப்பட்ட காடுகளிலும் சில மரங்கள் இயல்பாகவே நோயைத் தாங்குகின்றன. அவற்றின் விதைகளைத் திரட்டி, கன்றுகளாக்கி, மலைமீது நடுகின்றனர். பூஞ்சை காற்றில் இருந்துகொண்டேயிருக்கும். அக்கன்றுகள் அதனோடு வாழப் பழக வேண்டும். அவை நிறையக் காய்க்க 60 ஆண்டுகளேனும் ஆகும்.